இரண்டு மில்லிமோலார்

இன்று கால்சியம் குளோரைடு போட மறந்துவிட்டேன்.
மறதியை ஆராய்கிறவளுக்கு வந்த மறதி.
குறிப்பேட்டில் எழுதினால்
அடுத்த வாரக் கூட்டத்தில் நன்றாகச் சிரிப்பார்கள்.

எலி எண் நாற்பத்தேழு. மாலை ஐந்து மணிக்கு.
அதன் மூளையிலிருந்து ஒரு சீவல்,
நான்கு தலைமுடியை அடுக்கிய தடிமன்,
குமிழியிடும் உப்புநீரில் கிடக்கிறது.
எலி போய்விட்டது.
சீவலுக்கு அது இன்னும் தெரியாது.
நள்ளிரவு வரை கேட்கும், பதில் சொல்லும்,
கற்றுக்கொள்ளவும் செய்யும்.

ஆனால் இன்று கம்பியால் தட்டினேன், பதில் இல்லை.
மீண்டும் தட்டினேன்.
திரையில் கோடு நேராக ஓடியது,
ஆள் காலி செய்துபோன வீட்டின் அழைப்புமணி மாதிரி.
பெருக்கியைச் சந்தேகித்தேன், கம்பியைச் சந்தேகித்தேன்,
எலியைக்கூடச் சந்தேகித்தேன்.

காவலுக்கு இருக்கும் ஹனுமேஷ்
தேநீர்க் கெட்டிலைத் தூக்கிக் காட்டினான்.
அடியில் வெள்ளைப் பொருக்கு, நகத்தால் சுரண்டினாலும் போகவில்லை.
"டேங்கர் நீரு, சரி இல்ல மேடம்."

அப்போதுதான் போத்தலின் பட்டியலைப் பார்த்தேன்.
சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம், குளுக்கோஸ்,
எல்லாவற்றுக்கும் டிக்.
ஒரு கட்டம் மட்டும் வெறுமையாக.

பெங்களூரின் பக்கெட் விளிம்பெல்லாம் அது,
குழாய் மூக்கெல்லாம் அது,
என் தலைமுடியைச் சாக்குநாராக்கியதும் அதுதான்.
இந்த ஒரு துண்டுக்கு மட்டும்
கிடைக்காமல் போனது.

சேர்த்தேன். இரண்டு மில்லிமோலார்.
இருபது நிமிடத்தில் வீட்டுக்குள் யாரோ நடமாடினார்கள்.

செல்லுக்குள் கால்சியம் அநேகமாகக் கிடையாது.
வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.
வாழ்நாள் முழுக்க இறைத்து இறைத்து
வெளியே தள்ளுகிறது,
உள்ளே வரும் அந்த ஒரு நொடிக்கு
அர்த்தம் இருக்கட்டும் என்று.

வாசலில் மெக்னீசியம்,
சாயங்காலப் பேருந்தின் படிக்கட்டில்
தானும் உள்ளே போகாமல்
பிறரையும் விடாமல் நிற்கும் ஆள்.
வெளியிலிருந்து கூப்பிட்டால் மட்டும் நகரமாட்டான்.
உள்ளே இருப்பவரும் அதே கணம் பதைக்க வேண்டும்.
இரண்டும் சேர்ந்தால்தான் வழி.

ஒரு வினாடியில் நூறு தட்டு கொடுத்தேன்.
சாயமேற்றிய நரம்பின் ஓரத்தில்
ஒரு மொட்டு பச்சையாகக் கொதித்து அடங்கியது.
அதன்பின் அதே தட்டுக்கு
ஒன்றரை மடங்கு பதில்.
ஒரு மணி நேரம் காத்திருந்தேன். இறங்கவில்லை.

ஐந்து மணிக்குச் செத்த எலி
இரவு பத்து மணிக்கு ஒன்றைக் கற்றுக்கொண்டது.
யாரிடம் சொல்வது?

எனக்கு வேண்டியது ஆனால் இது இல்லை.
வெள்ளமாக வந்தால் இணைப்பு இறுகும்.
சொட்டுச் சொட்டாக, வெகுநேரம் வந்தால்
அதே இணைப்பு தளரும்.
அதே வாசல், அதே உப்பு.
நினைக்க ஒன்று, மறக்க ஒன்று என்று
தனித்தனி மருந்து கிடையாது.
மறப்பதென்றால் சும்மா இருப்பது என்று
இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.
அதற்கும் ஒன்று உள்ளே வந்தாக வேண்டுமாம்,
குறைவாக, விடாமல்.

மத்திகெரே வீட்டில் விளக்குச் சுவிட்ச் இடது பக்கம்.
நிஷிகாந்தோடு இருந்த நான்கு வருடமும் இடது பக்கம்.
இப்போதுள்ள வீட்டில் வலது.
வந்து பதினோரு மாதம்.
தினமும் கதவைத் திறந்ததும் கை இடப்பக்கம் போகும்.
அங்கே வெறும் சுவர்,
மலிவான வாடகைக்கு அடித்த சுண்ணாம்பு.
விரல்நுனியில் வெள்ளையாக ஒட்டும்.
புடவையில் துடைத்துக்கொண்டு
வலது பக்கம் தடவுவேன்.

இரண்டு மணிக்குத் தொட்டியைக் கழுவினேன்.
சீவலை எங்கே போடுவேன் என்று கேட்காதீர்கள்.
ஹனுமேஷ் கேட்டைத் திறந்துவிட்டான்.
தெருவில் ஒரு டேங்கர் ஒழுகிக்கொண்டே முன்னால் போனது.

வீடு. சாவி. கதவு.
கை எழுந்தது.
நடுவில் நின்றது,
எந்தப் பக்கமும் போகாமல்.

இருட்டில் கொஞ்ச நேரம்
அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
பார்க்க ஒன்றும் தெரியவில்லை என்றாலும்.